கோடு ஓகே, சிஸ்டம் தான் பழசு: எர்ரரை வச்சு எங்க மாட்டிக்கிட்டிருக்குன்னு கண்டுபிடிக்கிற வழி

எர்ரர் வந்ததும் நாம முதல்ல சந்தேகப்படுறது நம்ம கோடைத் தான், அப்புறம் லைப்ரரிய, அப்புறம் ட்யூட்டோரியல் போட்ட புண்ணியவானை. சிஸ்டம் மேல சந்தேகம் வர்றதுக்குள்ள பொழுது போயிடும். காலேஜ் லேப், சின்ன ஆபீஸ், செகண்ட் ஹேண்ட் லேப்டாப், அண்ணன் யூஸ் பண்ணிட்டுக் கொடுத்தது, கவர்மெண்ட்ல கொடுத்த இலவச லேப்டாப்னு பழைய மெஷின்லயே டெவலப்மெண்ட் பண்றவங்களுக்காக இது. எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு வர்ற அறிகுறி எதுவோ அங்க நேரா போங்க.

ஒன்னு மட்டும் மனசுல வச்சுக்கங்க. ப்ராசஸர் தான் எந்த ஓஎஸ் ஓடும்னு முடிவு பண்ணுது, ஓஎஸ் தான் எந்த ரன்டைம் (பைத்தான், நோட் மாதிரி நம்ம கோடை ஓட்டுறது) ஏறும்னு முடிவு பண்ணுது, ரன்டைம் தான் எந்த லைப்ரரி கிடைக்கும்னு முடிவு பண்ணுது. எர்ரர் எப்பவும் மேல லைப்ரரி லெவல்ல தான் கத்தும், பிரச்சனை ரெண்டு மூணு படி கீழ இருக்கும். அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ப்ராசஸர் மாடல், ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா, ஓஎஸ் எந்த வெர்ஷன் 32 பிட்டா 64 பிட்டா, இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதிடுங்க. விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜரும் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸும் போதும், லினக்ஸ்ல எல்எஸ்சிபியு கமாண்டு அடிச்சா ப்ராசஸர் ஜாதகமே வந்துடும்.

அறிகுறி: பில்டு கொடுத்தா மவுஸ் கூட நகர மாட்டேங்குது

பாதிப் பேருக்கு இது தான். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் டேப் திறந்து வச்சுக்கிட்டு பில்டு கொடுங்க, எது 100ல ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க.

டிஸ்க் 100, ஆனா சிபியு 20, 30லயே தூங்குதுன்னா ஹார்ட் டிஸ்க் தான் குற்றவாளி. கீழ ஸ்பீடு பாருங்க, செகண்டுக்கு ஒரு எம்பி ரெண்டு எம்பி தான் காட்டும், அப்புறம் எப்படி 100 பர்சென்ட்னு குழப்பமா இருக்கும். விஷயம் என்னன்னா ஒரு சாதாரண நோட் ப்ராஜெக்ட்ல நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள்ள பல்லாயிரம் குட்டி ஃபைல் இருக்கும், சுத்துற டிஸ்க்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹெட் அந்த இடத்துக்கு நகர்ந்து போகணும், 5400 ஆர்பிஎம் டிஸ்க்ல செகண்டுக்கு சுமாரா நூறு தடவை அப்படி நகர்றதே பெருசு. பெரிய சினிமா ஃபைல் காப்பி பண்றப்போ வேகமா இருக்கிற அதே டிஸ்க் இங்க நொண்டுறதுக்கு அது தான் காரணம். இதுக்கு எஸ்எஸ்டி ஒன்னு தான் மருந்து. பழைய போர்டுல சாட்டா 2 போர்ட் தான் இருக்கு, ஸ்பீடு வராதுன்னு சிலர் வாங்காம விட்டுடுறாங்க, அது தப்பு, நமக்கு வேண்டியது எம்பி கணக்கு இல்ல, குட்டி ஃபைலை டக்குனு எடுக்கிறது, அது சாட்டா 2லயும் தாராளமா கிடைக்கும். லேப்டாப்ல டிவிடி டிரைவ் இருந்தா அதைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு கேடி (டிஸ்கை மாட்டுற ஃப்ரேம்) போட்டு பழைய ஹார்ட் டிஸ்கை அங்க வச்சுட்டு எஸ்எஸ்டிய மெயின் இடத்துல போடுங்க. கேடி வாங்கப் போறதுக்கு முன்னாடி அந்த டிவிடி டிரைவோட தடிமனை ஸ்கேல் வச்சு அளந்துட்டுப் போங்க, 9.5 எம்எம், 12.7 எம்எம்னு ரெண்டு சைஸ் இருக்கு, சென்னை ரிட்சி ஸ்ட்ரீட் கடைல முதல்ல கேக்குறதே அதைத் தான்.

எஸ்எஸ்டிக்கு இப்போ காசில்லன்னா விண்டோஸ் டிஃபெண்டர்ல ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் எக்ஸ்க்ளூஷன்ல சேருங்க. ஒவ்வொரு குட்டி ஃபைலையும் அது திறந்து பாக்குறது நின்னாலே வித்தியாசம் தெரியும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் தயவுசெஞ்சு அதுல சேக்காதீங்க.

மெமரி 90க்கு மேல, கூடவே டிஸ்கும் 100ன்னா ரேம் பத்தல, ஓஎஸ் டிஸ்கை ரேமா யூஸ் பண்ணி மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு இப்போ குறைஞ்சபட்சமே எமுலேட்டர் இல்லாம 8 ஜிபி, எமுலேட்டரோட 16 ஜிபின்னு தான் கூகுளே போட்டிருக்கு, 4 ஜிபி மெஷின்ல அதைத் திறந்துட்டு குரோம்ல நாலு டேப் வேற வச்சா யாரைக் குத்தம் சொல்றது. எமுலேட்டரை மறந்துட்டு போனை கேபிள்ல மாட்டி அதுலயே டெஸ்ட் பண்ணுங்க. சி ப்ளஸ் ப்ளஸ் பில்டா இருந்தா பேரலல் ஜாப்ஸை ஒன்னு ரெண்டுன்னு குறைங்க, பெரிய டெம்ப்ளேட் ஃபைல்லாம் ஒவ்வொன்னும் ஒரு ஜிபி வரைக்கும் தின்னும். ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரின்னு வந்ததும் நெட்ல சொல்றாங்கன்னு லிமிட்டை 4096 எம்பிக்கு, அதாவது 4 ஜிபிக்கு, ஏத்துறவங்க இருக்காங்க, மெஷின்ல இருக்கிறதே 4 ஜிபின்னா எர்ரர் போயி அதுக்குப் பதிலா ஹேங் வரும், அவ்வளவு தான் லாபம்.

ரேம் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு செக். 32 பிட் விண்டோஸ்னா 8 ஜிபி போட்டாலும் மூணு ஜிபி சொச்சம் தான் எடுத்துக்கும், ஒரு ப்ராசஸுக்கு சாதாரணமா 2 ஜிபி தான் கொடுக்கும், முதல்ல 64 பிட் போடுங்க. ரெண்டாவது, 2013, 14 வாக்குல வந்த லேப்டாப்ல நிறைய டிடிஆர்3எல் தான் ஏத்துக்கும், அது 1.35 வோல்ட், சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், ஸ்லாட்ல உக்காரும் ஆனா ஆன் ஆகாது. பழைய ஸ்டிக்கைக் கழட்டி எடுத்துட்டுப் போயி அதே மாதிரி கேளுங்க.

சிபியு 100ல ஜம்முனு ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல கிளாக் ஸ்பீடு 0.8 ஜிகாஹெர்ட்ஸ்க்கு இறங்கிடுச்சுன்னா ஃபேன்ல தூசி, காஞ்சு போன தெர்மல் பேஸ்ட், இல்லன்னா டூப்ளிகேட் சார்ஜர். சார்ஜரை அடையாளம் தெரியலன்னா சில லேப்டாப் வேணும்னே ஸ்பீடைக் குறைச்சுக்கும்.

அறிகுறி: பிப், கிட், என்பிஎம் எதைத் தொட்டாலும் சர்டிஃபிகேட் எர்ரர்

ஸ்க்ரீன் கீழ வலது மூலைல தேதியைப் பாருங்க. சீரியஸா தான் சொல்றேன். பழைய டெஸ்க்டாப்ல மதர்போர்டுல இருக்கிற சீமாஸ் பேட்டரி செத்துப் போயிருந்தா ஒவ்வொரு தடவை பிளக் புடுங்கி மாட்டும்போதும் தேதி போர்டு தயாரான வருஷத்துக்குப் போயிடும், சர்டிஃபிகேட் நாட் எட் வேலிட்னு வரும், அதாவது மெஷின் கணக்குப்படி அந்த சர்டிஃபிகேட் இன்னும் பொறக்கவே இல்ல. சி கோடை பில்டு பண்ற மேக் (make) கமாண்டு கொடுத்தா கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்னு வார்னிங் வர்றதும் இதே கேஸா இருக்கலாம். சிஆர்2032 காசு பேட்டரி, வாட்ச் கடையிலயே கிடைக்கும், மாத்தினா முடிஞ்சது.

தேதி சரியா இருந்தா ரெண்டு காரணம் பாக்கி. ஒன்னு ரூட் சர்டிஃபிகேட், அதாவது மத்த சர்டிஃபிகேட்டை நம்பலாமான்னு சொல்ற அடிப்படை சர்டிஃபிகேட், பழசு. இலவசமா சர்டிஃபிகேட் கொடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட் முன்னாடி நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 சர்டிஃபிகேட் 2021 செப்டம்பர் 30ல காலாவதி ஆச்சு, அன்னிக்கு ஓபன்எஸ்எஸ்எல்ங்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரில 1.0.2 வச்சிருந்த சர்வர்ல எல்லாம் கோடுல ஒரு எழுத்து மாத்தாமலே ஏபிஐ கால் ஃபெயில் ஆச்சு. சிஏ சர்டிஃபிகேட்ஸ் பேக்கேஜை அப்டேட் பண்ணி அந்தப் பழைய ரூட்டை எடுத்துட்டா சரியாகும். இன்னொன்னு டிஎல்எஸ் (நெட் கனெக்ஷனை என்க்ரிப்ட் பண்ற முறை) வெர்ஷன். கிட்ஹப் 2018லயே டிஎல்எஸ் 1.0, 1.1ஐ நிறுத்திடுச்சு, பைத்தான் பேக்கேஜ் இண்டெக்ஸும் அதே வருஷம் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 7ல டிஎல்எஸ் 1.2 இருக்கும், ஆனா டீஃபால்ட்டா ஆன்ல இருக்காது, அப்டேட்டும் ரெஜிஸ்ட்ரி மாத்தமும் வேணும்.

வெரிஃபிகேஷனை ஃபால்ஸ் பண்ணுனு ஒரு பதில் எல்லா இடத்துலயும் கிடக்கும், பண்ணாதீங்க. யாரு அனுப்புற பேக்கேஜ்னே தெரியாம உங்க சிஸ்டத்துல ரன் பண்ற மாதிரி ஆயிடும்.

அறிகுறி: ஏதோ டிஎல்எல் மிஸ்ஸிங், இல்லன்னா இந்த விண்டோஸ்ல ஓடாதுன்னு இன்ஸ்டாலரே சொல்லுது

டிஎல்எல்ங்கிறது ப்ரோக்ராம்கள் பகிர்ந்துக்கிற விண்டோஸ் லைப்ரரி ஃபைல், அதோட பேரை நிதானமா படிங்க. ஏபிஐ எம்எஸ் வின் சிஆர்டின்னு ஆரம்பிச்சா தப்பிச்சீங்க, யுனிவர்சல் சி ரன்டைம் தான் உங்க சிஸ்டத்துல இல்ல, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7க்கே அந்த அப்டேட் கொடுத்திருக்கு, போட்டா ஓடும். ஏபிஐ எம்எஸ் வின் கோர் பாத்னு ஆரம்பிச்சா கதை வேற, அது விண்டோஸ் 7லயே இல்லாத ஃபங்ஷன், பைத்தான் 3.9ஐ விண்டோஸ் 7ல போட்டா வர்றது இது தான். டிஎல்எல் டவுன்லோடுன்னு சைட் சைட்டா இருக்கும், அங்க போயி எடுத்துப் போட்டு வைரஸ் வாங்கிக்காதீங்க.

விண்டோஸ் 7 சப்போர்ட் 2020 ஜனவரி 14ல முடிஞ்சது, அதுல எது வரைக்கும் ஓடும்னா பைத்தான் 3.8, நோட் 13, கோ 1.20, விஎஸ் கோட் 1.70, குரோம் 109. ரஸ்ட் 1.78ல இருந்து விண்டோஸ் 10 கட்டாயம். இந்த வெர்ஷன்களைப் போட்டா வேலை நடக்குமான்னா படிக்கிறவங்களுக்கு நடக்கும், ப்ராஜெக்ட்ல இருக்கிறவங்களுக்கு நடக்காது, ஏன்னா பைத்தான் 3.8க்கு 2024 அக்டோபரோட செக்யூரிட்டி ஃபிக்ஸும் நின்னு போச்சு, லைப்ரரிக்காரங்களும் ஒவ்வொருத்தரா அதைக் கழட்டி விட்டுட்டாங்க, இன்னிக்கு பிப் இன்ஸ்டால் கொடுத்தா வர்றது ரெண்டு மூணு வருஷத்துக்கு முந்தின வெர்ஷன், நீங்க படிக்கிற டாகுமெண்டேஷன் புது வெர்ஷனுக்கு, ரெண்டும் ஒட்டாது, அப்புறம் கோடு தப்பு கோடு தப்புன்னு தேடிக்கிட்டே இருப்பீங்க. நோட்ல பிளாட்ஃபார்ம் செக்கை ஸ்கிப் பண்ற ஒரு என்விரான்மெண்ட் வேரியபிள் இருக்கு, அதை வச்சு நோட் 14ஐ ஏழுல ஓட்டுறவங்க இருக்காங்க, நான் சிபாரிசு பண்ண மாட்டேன், எங்க எப்போ உடையும்னே தெரியாது.

விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சுடுச்சு. விண்டோஸ் 11 இன்டெல்ல 8வது ஜெனரேஷன், டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி சிப் கேக்குது, அதனால நல்லா ஓடிக்கிட்டிருக்கிற 6வது, 7வது ஜெனரேஷன் ஐ5 எல்லாம் வெளிய நிக்குது. அந்த மெஷினுக்கு லினக்ஸ் மின்ட்டோ எக்ஸ்எஃப்சிஇங்கிற லைட்டான டெஸ்க்டாப் போட்ட டெபியனோ போடுங்க, டெவலப்மெண்டுக்கு இன்னும் பல வருஷம் தாங்கும். 32 பிட் மட்டுமே ஓடுற ப்ராசஸர்னா டெபியன் 12 தான் கடைசி, 13ல அதுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

அறிகுறி: லினக்ஸ் சர்வர்ல ஜிலிப்சி 2.28 நாட் ஃபவுண்ட்

லோக்கல்ல நல்லா ஓடுது, ஆபீஸ் சர்வர்ல காப்பி பண்ணி ரன் பண்ணா இந்த எர்ரர். புது லினக்ஸ்ல பில்டு பண்ணின பைனரி, பழைய ஜிலிப்சி, அதாவது லினக்ஸோட சி லைப்ரரி, இருக்கிற மெஷின்ல ஓட மாட்டேங்குதுன்னு அர்த்தம். பழைய ஜிலிப்சில கட்டினது புதுசுல ஓடும், புதுசுல கட்டினது பழசுல ஓடணும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. எல்டிடி கமாண்டுல வெர்ஷன் கேட்டா உங்ககிட்ட எது இருக்குன்னு சொல்லும். சென்ட்ஓஎஸ் 7ல 2.17, உபுண்டு 18.04ல 2.27, டெபியன் 10லயும் ரெட்ஹேட் 8லயும் 2.28, உபுண்டு 20.04ல 2.31. நோட் 18 கேக்குறது 2.28. உபுண்டு 18.04காரங்க ஒரே ஒரு புள்ளில கோட்டை விட்டது பாவம் தான்.

2024 தொடக்கத்துல விஎஸ் கோட் 1.86 வந்தப்போ இது பெரிய கூத்தாச்சு. உங்க லேப்டாப் புத்தம் புதுசா இருந்தாலும் ரிமோட்ல எஸ்எஸ்ஹெச் போட்டுக் கனெக்ட் பண்ற சர்வர் சென்ட்ஓஎஸ் 7ஓ உபுண்டு 18.04ஓன்னா உள்ளயே விடல, ஏன்னா சர்வர்ல இறங்குற அதோட பார்ட்டுக்கு 2.28 வேணும். ஊர் உலகமே கத்தினதுக்கு அப்புறம் 1.86.1ல கொஞ்ச காலத்துக்கு பழையபடி அனுமதிச்சாங்க. நிறைய பேர் 1.85லயே அப்டேட்டை ஆஃப் பண்ணிட்டு உக்காந்துட்டாங்க.

செய்யவே கூடாதது: வேற மெஷின்ல இருந்து சி லைப்ரரி ஃபைலை எடுத்து சர்வர்ல ஓவர்ரைட் பண்றது. எல்எஸ், காப்பி, எஸ்எஸ்ஹெச் எல்லாமே அந்த ஒரு ஃபைலை நம்பித் தான் ஓடுது, அடுத்த செகண்ட்ல எந்த கமாண்டும் ஓடாது, திருப்பி மாத்துறதுக்கு காப்பி கமாண்டே இருக்காது, ரெஸ்க்யூ டிஸ்க் போட்டுத் தான் எழுப்பணும்.

செய்யலாம்னா, டாக்கர் போட அனுமதி இருந்தா கண்டெய்னர்ல (ஆப்பையும் அதுக்கு வேண்டிய லைப்ரரியையும் சேத்துக் கட்டின பெட்டி) ஓட்டுங்க, கண்டெய்னர் தன்னோட ஜிலிப்சியைத் தானே கொண்டு வரும், கர்னல் மட்டும் தான் பொது. ஆனா சென்ட்ஓஎஸ் 7 கர்னல் 3.10, ரொம்பப் புது இமேஜ் அதுல சில சமயம் முரண்டு பிடிக்கும், கொஞ்சம் பழைய பேஸ் இமேஜ் எடுங்க. நோட் மட்டும் தான் வேணும்னா நோட் ஆளுங்களே 2.17க்குன்னு அன்அஃபிஷியல் பில்டு தனியா வச்சிருக்காங்க. கோ ப்ரோக்ராம்னா சிகோவை (சி கோடோட இணைக்கிற வசதி) ஆஃப் பண்ணி பில்டு பண்ணா சி லைப்ரரியே தேவைப்படாது. நீங்களே பைனரி கொடுக்கிற ஆளுன்னா உங்க கஸ்டமர்ல யாருகிட்ட ரொம்பப் பழசு இருக்கோ அந்த ஓஎஸ் கண்டெய்னர்ல வச்சு பில்டு பண்ணுங்க, பைத்தான்காரங்க மெனிலினக்ஸ்2014 வீல் (ரெடிமேட் பேக்கேஜ்) எல்லாம் சென்ட்ஓஎஸ் 7 மேல கட்டினதும் இதுக்காகத் தான். அந்த சென்ட்ஓஎஸ் 7 சப்போர்ட்டே 2024 ஜூன் 30ல முடிஞ்சுடுச்சு, அதனால சர்வர் மாத்துறதுக்கு ஒரு தேதியும் சேத்து வாங்கி வைங்க, கண்டெய்னர் போட்டதும் எல்லாரும் மறந்துடுவாங்க.

அறிகுறி: இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன், அவ்வளவு தான், வேற எதுவும் சொல்லல

லைன் நம்பர் கிடையாது, ஸ்டேக் ட்ரேஸ் கிடையாது, இம்போர்ட் பண்ணதும் செத்துப் போகும். ப்ராசஸருக்குத் தெரியாத ஒரு இன்ஸ்ட்ரக்ஷனை பைனரி கூப்பிடுது, பெரும்பாலும் ஏவிஎக்ஸ்ங்கிற வேகமா கணக்குப் போடுற இன்ஸ்ட்ரக்ஷன். மெஷின் லேர்னிங் லைப்ரரியான டென்சர்ஃப்ளோவுல 1.6ல இருந்தே ரெடிமேட் பைனரிக்கு ஏவிஎக்ஸ் வேணும், மாங்கோடிபி 5.0க்கும் வேணும். இன்டெல்ல 2011ல வந்த சேண்டி பிரிட்ஜ்ல இருந்து தான் அது இருக்கு, கோர் 2 டுவோவும் முதல் ஜெனரேஷன் ஐ3, ஐ5ம் அவுட். அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சு வந்த பென்டியம், செலிரான்ல கூட இல்ல, பில்லுல தேதி புதுசா இருக்கேன்னு ஏமாறாதீங்க. எல்எஸ்சிபியு அவுட்புட்ல ஃப்ளாக்ஸ் வரிசைல ஏவிஎக்ஸ்னு இருக்கான்னு மட்டும் பாருங்க.

மெஷின் புதுசு தான், ஆனா விஎம்க்குள்ள (விர்ச்சுவல் மெஷின்) இந்த எர்ரர்னா விஎம் செட்டிங்ஸ்ல சிபியு டைப் பொதுவான மாடலா வச்சிருப்பாங்க, அதை ஹோஸ்ட்னு மாத்தினா போதும், காசு செலவே இல்ல. உண்மையிலேயே ப்ராசஸர்ல இல்லன்னா சோர்ஸ்ல இருந்து நாமளே பில்டு பண்ணிக்கலாம்னு ஒரு ஆசை வரும், ஏவிஎக்ஸ் இல்லாத மெஷின்ல டென்சர்ஃப்ளோ பில்டு பண்ணி முடிக்கிறதுக்குள்ள கூகுளோட ஆன்லைன் மெஷினான கோலாப்ல அந்த அசைன்மெண்டையே முடிச்சுடலாம். போலார்ஸ் மாதிரி சில லைப்ரரி பழைய சிபியுக்குன்னு தனி பேக்கேஜ் போடுது, அதையும் ஒரு தடவை தேடிப் பாருங்க.

அறிகுறி: டாக்கரும் எமுலேட்டரும் ஸ்டார்ட்டே ஆகல

டாஸ்க் மேனேஜர், சிபியு, விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டான்னு பாருங்க. டிசேபிள்டுன்னா பயாஸ்ல போயி ஆன் பண்ணுங்க, நிறைய பழைய போர்டுல ஃபேக்டரிலயே ஆஃப்ல தான் வரும். கோர் 2 காலத்து ப்ராசஸர்னா விண்டோஸோட விர்ச்சுவலைசேஷனான ஹைப்பர்வி கேக்குற எஸ்எல்ஏடிங்கிற வசதி கிடையாது, டாக்கர் டெஸ்க்டாப் ஆசையை விட்டுட்டு லினக்ஸ் போட்டு நேரா டாக்கர் எஞ்சின் ஓட்டுங்க.

அறிகுறி: மேக்ல ஆப் பில்டு ஆகுது, ஆப் ஸ்டோர் வாங்க மாட்டேங்குது

இங்க சங்கிலி ரொம்ப இறுக்கம். 2025 ஏப்ரல்லயே ஆப்பிளோட பில்டு டூல் எக்ஸ்கோட் 16க்குக் கீழ கட்டினதை அப்லோட் பண்ண முடியாதுன்னு ஆயிடுச்சு, எக்ஸ்கோட் 16க்கு மேக்ஓஎஸ் சோனோமா 14.5 வேணும், 2017 மேக்புக் ஏர் மான்டெரியோட (மேக்ஓஎஸ் 12) நின்னுடுச்சு, எக்ஸ்கோட் 14.2க்கு மேல ஏறாது. பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற ஹோம்ப்ரூவும் கடைசி மூணு மேக்ஓஎஸ்க்குத் தான் சப்போர்ட். எழுதுறதை பழைய மேக்லயே எழுதலாம், ரிலீஸ் பில்டை மட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் மாதிரி வாடகை மேக்ல ஓட்டுங்க. ஓபன்கோர் லெகசி பேட்சர் போட்டு புது ஓஎஸ் ஏத்துறவங்க இருக்காங்க, சொந்த மெஷின்ல விளையாடிப் பாக்கலாம், கிளையண்ட் ரிலீஸை அதை நம்பி வைக்காதீங்க.

அறிகுறி: நம்ம சிஸ்டம்ல ஓகே, கஸ்டமர் கடைல உடைஞ்சு கிடக்கு

இப்போ பழசு அந்தப் பக்கம். ஒரு ஹார்டுவேர் கடைக்கு வெப்ல பில்லிங் பண்ணிக் கொடுத்தப்போ கவுண்டர்ல இருந்தது விண்டோஸ் 7, பின்னாடி எல்பிடி போர்ட்ல (பழைய காலத்து பிரிண்டர் போர்ட்) டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கூடவே பழைய அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரோட லைசென்ஸ் டாங்கிள் ஒன்னு சொருகியிருக்கும். ஓனர் அண்ணாச்சிகிட்ட சிஸ்டம் மாத்தலாமான்னு கேட்டா "நல்லாத் தானே தம்பி ஓடுது, பிரிண்டர் இதுல தான் வேலை செய்யும்"னுவாரு, அவர் சொல்றதுலயும் தப்பில்ல, புது போர்டுல எல்பிடி போர்ட்டே இருக்காது, டாங்கிளுக்கு புது விண்டோஸ்ல டிரைவர் கிடையாது. பேங்கே அப்படித் தான் இருந்துச்சு, விண்டோஸ் எக்ஸ்பி சப்போர்ட் 2014 ஏப்ரல்ல முடிஞ்சும் ஏடிஎம்ல ஓடிக்கிட்டே இருந்து, ரிசர்வ் பேங்க் 2018 ஜூன்ல சர்க்குலர் போட்டு 2019 ஜூனுக்குள்ள மாத்துங்கன்னு கெடு வைக்க வேண்டியிருந்துச்சு.

அந்தக் கவுண்டர் மெஷின்ல குரோம் 109 தான் கடைசி. சிஎஸ்எஸ் நெஸ்டிங் (ஒரு ஸ்டைலுக்குள்ள இன்னொன்னை எழுதுறது) வந்தது 112ல, அதனால நெஸ்ட் பண்ணி எழுதின ஸ்டைல் எல்லாம் அங்க சத்தமில்லாம விழுந்துடும், கன்சோல்ல எர்ரர் கூட வராது, பில் கட்டம் மட்டும் தாறுமாறா நிக்கும். கோடைக் கையால மாத்த வேணாம், பில்டு டூல்ல டார்கெட் பிரவுசர்னு குரோம் 109ஐயும் ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆரையும் போட்டா அதுவே விரிச்சு எழுதிக் கொடுக்கும். டெஸ்க்டாப் ஆப்னா டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 வரைக்கும் ஏழுல ஓடும், 4.8.1 ஓடாது, எக்ஸ்பின்னா 4.0 தான்.

ஆர்டர் எடுக்கிற அன்னிக்கே கவுண்டர்ல நின்னு விண்டோஸ் வெர்ஷன், பிரவுசர் வெர்ஷன், பிரிண்டர் எந்த போர்ட்ல இருக்குன்னு மூணு போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. ஆபீஸ்ல அதே வெர்ஷன்ல ஒரு விஎம் வச்சு, நெட் கட் பண்ணி, ரேம் 2 ஜிபி மட்டும் கொடுத்து, டெலிவரிக்கு முன்னாடி பில் ஒன்னு அதுல அடிச்சுப் பாருங்க. எக்ஸ்பில தமிழ் பேர் பெட்டி பெட்டியாவோ கொம்பும் காலும் தனித்தனியாவோ தெரிஞ்சா ரீஜனல் செட்டிங்ஸ்ல காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் ஆப்ஷனை டிக் பண்ணணும், அதுக்கு விண்டோஸ் சிடி கேக்கும், அந்த சிடி அண்ணாச்சிகிட்ட இருக்காது, நீங்களே கைல எடுத்துட்டுப் போங்க.